சொன்னபடி கேட்கிற பிள்ளை: ஓர் அளவுகோலை வாசித்தல்

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பையன்களைப் பற்றி ஒரு படிவம் நிரப்பித் தரச் சொன்னார்கள். பையனுக்கு ஒரு தாள், தாளுக்கு 25 வரி. ஒவ்வொரு வரிக்கும் நேரே மூன்று கட்டம்: இல்லை, ஓரளவு, நிச்சயமாக. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள எல்லாத் தாளையும் முடிச்சிட்டேன். அதில் இரண்டு தாள்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் தாள் எங்க சேரிப் பையனுடையது. அந்த வாரம்தான் அவன் கூடப் படிக்கிற ஒருத்தனை வாயில் குத்தி, அவன் கையில் கட்டியிருந்த கலர்க் கயிற்றை பிளேடால் அறுத்துப் போட்டிருந்தான். தலைமையாசிரியர் கூப்பிட்டு ஏன்டா என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேள் என்றதற்கும் கேட்கவில்லை. சீக்கிரம் கோபப்படுவானா? நிச்சயமாக. சண்டை போடுவானா? நிச்சயமாக. பெரியவர்கள் சொன்னபடி கேட்பானா? இல்லை. திருட்டு, பொய் இரண்டும் அவனிடம் கிடையாது. ஆனாலும் நடத்தைக்கான ஐந்து வரிகளில் பத்துக்கு 6 வாங்கிவிட்டான். 4 வந்தாலே அது இயல்புக்கு மாறானது என்று அந்த அளவுகோல் சொல்கிறது.

இரண்டாவது தாள் குத்து வாங்கியவனுடையது. வணக்கம் சார் என்று எழுந்து நிற்பான். சாக்பீஸ் எடுத்து வருவான், போர்டு துடைப்பான், சொன்னால் சொன்னதைச் செய்வான். அவனுக்குப் பூஜ்யம் போட்டேன். அடுத்தவர் மனசு அறிந்து நடப்பவனா என்று ஒரு வரி இருந்தது. அதற்கும் நிச்சயமாக என்று டிக் அடித்தேன்.

பத்து நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. எங்க பையனோட தாத்தா ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறார். எழுபதை நெருங்குகிற மனுஷன். பதினாலு வயசுப் பிள்ளை, நான் பூஜ்யம் போட்ட பிள்ளை, அவரைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஏலே, தள்ளி நில்லுடா" என்றிருக்கிறான். பேரன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். தாத்தா என்னிடம் சொன்னது இதுதான்: "அது இன்னைக்கு நேத்தா தம்பி? அந்தப் பய தாத்தனும் என்னைய அப்படித்தான் கூப்பிட்டான். இவந்தான் புதுசா ரோசப்படுறான்."

படிவத்தில் "ஏன்" என்று ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தாலும் நான் விசாரித்திருப்பேனா என்று தெரியவில்லை. நானும் சேரியில் பிறந்தவன்தான். பேனாவைக் கையில் கொடுத்ததும் ஊர்க் கண்ணால்தான் பார்த்தேன். "கவனம் தேவைப்படுவோர்" பட்டியலில் அவன் பேர் ஏறியது. அம்மாவை வரச்சொல்லி எல்லோர் முன்னாலும் பேசினார்கள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. சிவகாசியில் லாரிக்கு அட்டைப்பெட்டி ஏத்துற வேலைக்குப் போய்ட்டான்.

அந்தப் படிவத்தைக் குறை சொல்வதற்கு முன் அதைச் சரியாக அறிமுகப்படுத்த வேண்டும். ராபர்ட் குட்மன் என்ற இங்கிலாந்து மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்டது. எஸ்.டி.க்யூ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் கிடைக்கிறது. கெட்ட நோக்கத்தோடு செய்யப்பட்டதல்ல. உதவி தேவைப்படுகிற பிள்ளையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் நடத்தைக்கான ஐந்து வரிகளில் ஒன்று கீழ்ப்படிதல். பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறானா, இல்லையா? லண்டனில் "பெரியவர்" என்றால் அப்பா, அம்மா, டீச்சர். எங்க ஊரில் "பெரியவர்" யார்? சேரிக்காரனுக்கு மேலே இருக்கிற எல்லோரும் பெரியவர்தான், அது பத்து வயசுப் பொடியனாக இருந்தாலும். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். நூற்றாண்டுகளாகச் சாதி நம்மிடம் எதிர்பார்த்த அதே குணம், நல்ல மனநலத்துக்கு அடையாளமாக உட்கார்ந்திருக்கிறது.

"சமூக விரோத நடத்தை" என்பது இந்தத் துறையின் சொல். அந்தச் சொல் தமிழுக்குப் புதுசு இல்லை. கலவரம் நடந்த மறுநாள் போலீஸ் அறிக்கையில் அது தவறாமல் வரும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியது. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அடிக்கிறவன் பக்கமிருந்து பார்த்தால் அடிபடுகிறவன் எப்போதும் சமூகத்துக்கு விரோதிதான். ஆக, முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எது சமூகம்? ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடக்கிற ஒரு கிராமத்தில், சேரிக் கிழவனை வாடா போடா என்பது சமூக விரோதமா, சமூக வழக்கமா? அந்தப் பையன் தன்னுடைய சமூகத்தின் எந்த விதியையும் மீறவில்லை. விதிப்படி நடந்தான். மீறியவன் எங்க பையன்தான். அளவுகோல் தப்பாக அளக்கவில்லை. எதை அளக்கச் சொன்னார்களோ அதை அப்படியே அளந்தது.

நாடு நாடாக ஒப்பிடுகிற வேலையும் நடக்கிறது. அமெரிக்காவின் தாமஸ் அக்கன்பாக் உருவாக்கிய பட்டியல் அதில் பிரசித்தம். லெஸ்லி ரெஸ்கோர்லா, அக்கன்பாக் முதலானோர் 2007இல் 31 சமூகங்களின் தகவல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் குறித்துக் கொடுத்தவை, 55,000 பிள்ளைகளுக்கு மேல். எந்த நாட்டுப் பிள்ளைக்குச் சராசரி எவ்வளவு என்று வரிசைப்படுத்தினார்கள். ஒரு சமூகத்துக்கும் இன்னொரு சமூகத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரே சமூகத்துக்குள் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கிற வித்தியாசம் பெரிது என்பதும் அவர்களே சொன்னதுதான். பெரிய உழைப்பு. மறுக்கவில்லை. ஆனால் இந்த வகை ஒப்பீட்டில் "சமூகம்" என்பது பெரும்பாலும் ஒரு நாடு. நாட்டுக்கு ஒரு கலாச்சாரம், கலாச்சாரத்துக்கு ஒரு சராசரி. எங்க பள்ளியின் ஒரே பெஞ்சில் இரண்டு கலாச்சாரம் உட்கார்ந்திருக்கிறதே, அதை எந்தக் கட்டத்தில் போடுவது? மொழிபெயர்ப்பு சரியா என்று திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழ், தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலம். ஊர்த்தெருவிலிருந்து சேரிக்கு மொழிபெயர்த்துப் பார்த்தவர் யார்?

ஒருமுறை ஓர் ஆராய்ச்சி மாணவரோடு, பேச்சு புரிய வைக்கிற துணைக்காக, பெற்றோர்களிடம் கேட்கப் போயிருந்தேன். அக்கன்பாக் பட்டியலில் விதி மீறுவதைக் குறிக்கிற வரிகளில் ஒன்று, பிள்ளை தீ வைப்பானா என்பது. கட்டை அடுக்கிக் கை காய்த்துப்போன ஒரு தீப்பெட்டியாபீஸ் அம்மா சிரித்துவிட்டார். "தீயை வச்சித்தான சார் நாங்க கஞ்சியே குடிக்கோம்." மாணவருக்கு எதை டிக் அடிப்பதென்று தெரியவில்லை. பொய் சொல்வானா என்று அடுத்த கேள்வி. "எங்கிட்டயா, ஆபீஸ்லயா?" என்று திருப்பிக் கேட்டார். சரியான கேள்வி. படிவத்தில் அதற்கும் இடமில்லை.

இப்போது என்னையே அளந்து பார்க்கிறேன். 1983இல் ஸ்மிது கோத்தாரி என்பவர் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி ஆங்கில வார இதழ் ஒன்றில் எழுதினார். அந்தத் தீக்குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்ற பொருளில் தலைப்பு. ஏறத்தாழ 45,000 குழந்தைகள் என்று கணக்குச் சொன்னார். எனக்கு அப்போது 9 வயசு. அந்தக் கணக்கில் நானும் ஒரு தலை. விடியுமுன் நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் வந்து ஆரன் அடிக்கும். தூக்கத்தோடே தூக்கி ஏற்றிவிடுவார்கள். அப்பா வாங்கின அட்வான்ஸ் கழியும்வரை போயே ஆகணும். பஸ்சுக்குப் பயந்து இரண்டு தடவை ராத்திரியே ஓடி, மாமா ஊரில் போய் ஒளிந்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்தால் வயசைக் கூட்டிச் சொல்லணும் என்று கணக்கப்பிள்ளை சொல்லிக் கொடுத்திருந்தார், சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு நான் போனதைவிடப் போகாதது அதிகம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் நடத்தைக் கோளாறுக்கு 15 அடையாளங்கள் இருக்கின்றன. ஒரு வருஷத்துக்குள் 3 இருந்தால் போதும் என்பது அடிப்படை. ராத்திரி வீட்டை விட்டு இரண்டு முறை ஓடுதல், 13 வயசுக்கு முன்பே பள்ளிக்கு அடிக்கடி மட்டம் போடுதல், பொய் சொல்லித் தப்பித்தல் ஆகியவை அதில் உண்டு. அந்தப் பட்டியலை அன்றைக்கு என்மேல் வைத்திருந்தால் நான் நோயாளி. பஸ்சை அனுப்பியவருக்கும் அட்வான்ஸ் கொடுத்தவருக்கும் அதில் வரி கிடையாது. இது ஒன்றும் புதுசு இல்லை. 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், கறுப்பின அடிமைகள் ஓடிப்போவது ஒரு மனநோய் என்று எழுதி அதற்கு ஒரு பேரும் வைத்தார். ஓட வைத்தது எது என்று கேட்காத வைத்தியம் அப்படித்தான் முடியும். நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: 1994இல் வந்த அந்தக் கையேட்டின் நாலாம் பதிப்பே, ஆபத்தும் வறுமையும் நிறைந்த சூழலில் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வதைக் கோளாறு என்று எழுதிவிடக்கூடாது என எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கை புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் கைக்கு வருவது படிவம் மட்டும்தான்.

சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அன்றைக்காவது குற்றம் யார் பக்கம் என்று ஒரு கணக்கு மாறியது. நடத்தையை அளக்கிற படிவங்களில் அந்த மாற்றம் இன்னும் வரவில்லை.

இளவயசுக் குற்றம் பற்றிய பிரபலமான கோட்பாடு டெர்ரி மோஃபிட்டுடையது, 1993. நியூசிலாந்தின் டனீடின் நகரத்துப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து வளர்ந்தது. சில பேர் சின்ன வயசு முதல் கடைசிவரை அப்படியே இருப்பார்கள், பெரும்பாலானோர் வளரிளம் பருவத்தில் மட்டும் எல்லை மீறிவிட்டுப் பிறகு அடங்குவார்கள் என்கிறார். ஏன் மீறுகிறார்கள்? உடம்பு சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது, பெரிய மனுஷன் என்ற மரியாதையும் உரிமையும் தாமதமாகத்தான் கிடைக்கிறது. அந்த இடைவெளிதான் காரணம் என்கிறார். இதைப் படித்தபோது எனக்குத் தாத்தாதான் ஞாபகம் வந்தார். சேரிக்காரனுக்கு அந்த இடைவெளி எப்போது முடிகிறது? ஒன்பது வயசில் பெரிய மனுஷனின் வேலையைக் கொடுத்தார்கள். எழுபது வயசிலும் பெரிய மனுஷனின் மரியாதை வரவில்லை. மறுபக்கம், ஊர்ப்பிள்ளைக்கு எட்டு வயசிலேயே ஒரு கிழவனை அதட்டுகிற பதவி கிடைத்துவிடுகிறது. வயசு என்பதே இங்கே சாதிக்கேற்ப நகருகிறது. டனீடினை வைத்து இதைச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அளப்பதற்கும் ஆள்வதற்கும் நம் மண்ணில் பழைய உறவு உண்டு. 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டம் சாதியையே குற்றமாக அளந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் அதில் வழி இருந்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் ஒழிந்தது. பிறப்பை வைத்துப் பிள்ளையை எடைபோடுவது எவ்வளவு கொடுமை என்பது ஆதிக்க சாதிகளில் சிலவற்றுக்கும் சொந்த அனுபவம்தான். அந்த அனுபவம் இருந்தும் அதே எடைக்கல்லைத் தங்கள் பிள்ளைகள் கையில் ஏன் கொடுக்கிறார்கள் என்பதை அவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

எங்க மாவட்டத்துக்குத் தெற்கே, நாங்குநேரியில், 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்னால் நடந்ததைக் கவனியுங்கள். துன்புறுத்தல் தாங்காமல் அந்த மாணவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புகார் போனது, வெட்டு வந்தது. இப்போது அக்கன்பாக் பட்டியலை எடுத்து, வெட்டு விழுவதற்கு முந்தின வாரத்தில் வைத்துப் பாருங்கள். மட்டம் போடுதல் என்ற வரியில் மாட்டுகிறவன் வெட்டுப்பட்டவன். இன்னொருத்தனை ஏவி வேலை வாங்குவது, சாதி சொல்லித் திட்டுவது ஆகியவற்றுக்கு அதில் தனி வரி இல்லை. அரிவாளை எடுத்த பிறகுதான் அளவுகோல் விழிக்கிறது. அதற்கு முன்பு பல வருஷங்களாகப் பழக்கப்பட்ட கொடுமை "நல்ல பையன்" என்ற பேரில் போய்க்கொண்டிருந்தது.

அரசு நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாகப் போட்டது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் கலர்க் கயிறு, மோதிரம், நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, பள்ளிகளின் பேரில் சாதி இருக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. கயிறு விவகாரம் 2019லேயே சுற்றறிக்கையாக வந்து, அரசியல் எதிர்ப்பில் அமுங்கிப்போனது. இந்த அறிக்கையின் முக்கியத்துவம் என்னவென்று கேட்டால், கயிற்றை ஒரு நடத்தையாகப் பார்த்தது என்பேன். ஒழுக்கமான மாணவன் கையில் இருப்பதையும் எண்ண வேண்டும் என்றது.

நம் பக்கத்தையும் பேசித்தான் ஆகணும். எங்க பையன்கள் எல்லோரும் ரோசத்துக்காக மட்டும் கை நீட்டுகிறவர்கள் என்று நான் எழுதினால் சேரிப் பெண்பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். குழாயடியில் அவர்களைக் கேலி செய்கிறவன் வெளியூர்க்காரன் இல்லை. நம் பையன்கள் கையிலும் இப்போது கயிறு இருக்கிறது, வேறு கலரில். அருந்ததியர் வீட்டுப் பையனைச் சாதிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பள்ளர், பறையர் வீட்டுப் பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். சரியான அளவுகோல் வந்தால் அதில் நாமும் மாட்டுவோம். மாட்டணும். நமக்கு மட்டும் சாதகமான அளவுகோலைக் கேட்டால், ஊர்க்காரன் கேட்பதற்கும் நாம் கேட்பதற்கும் என்ன வித்தியாசம்?

அளப்பதே வேண்டாம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ரெட்டை டம்ளர் எந்தக் கடையில் இருக்கிறது என்று ஊர் ஊராக எண்ணிக் காட்டியதால்தான் இல்லவே இல்லை என்றவர்கள் வாயை மூடினார்கள். எண்ணிக்கை நமக்கும் ஆயுதம். கேள்வி, யார் கண்ணிலிருந்து எண்ணுவது என்பதே. பாமா 1992இல் எழுதிய "கருக்கு"வில், பள்ளிக்கூடத்து மரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுந்ததற்காகத் தன்னைத் திருடியாக்கிய கதையைச் சொல்கிறார். அன்றைக்கு அந்தத் தலைமையாசிரியர் கையில் ஒரு படிவம் இருந்திருந்தால், திருடுவாள் என்ற வரியில் நிச்சயமாக என்று டிக் விழுந்திருக்கும். விஞ்ஞானம் அதைக் கூட்டிச் சராசரி எடுத்திருக்கும். பாமா எழுதியதால் நமக்கு உண்மை தெரிந்தது. எழுதாத பிள்ளைகளின் டிக் எல்லாம் அப்படியே கிடக்கின்றன.

எனக்குத் தோன்றிய வரிகள் சில. தன்னைவிட மூத்தவரைச் சாதி பார்த்து ஒருமையில் பேசுகிறானா? சத்துணவு வரிசையில் யார் பக்கத்தில் உட்காருவது என்று பார்த்து உட்காருகிறானா? தன் வேலையை, தன் சிகரெட்டை, இன்னொருத்தனை ஏவி வாங்குகிறானா? சாதி சொல்லித் திட்டும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிறானா? இந்தக் கேள்விகளை வாத்தியாரிடமோ பெற்றோரிடமோ மட்டும் கேட்டால் போதாது. பூஜ்யம்தான் வரும், நான் போட்டது மாதிரி. அவனால் பாதிக்கப்படுகிற பிள்ளையிடமும், அந்தப் பிள்ளையின் பாட்டன் பாட்டியிடமும் கேட்கணும்.

இந்த வருஷமும் படிவம் வந்தது. நிரப்பி, மேலே சொன்ன நாலு கேள்வியையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, தெரிந்த பதிலோடு பின்னால் குத்திக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "எக்ஸ்ட்ரா ஷீட் வேணாம் சார், கம்ப்யூட்டர் எடுக்காது" என்று கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. போன மாசம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையனைப் பார்த்தேன். பதினேழு வயசுக்குத் தோள் இறுகிப்போயிருக்கிறது. பத்தாவது பிரைவேட்டா எழுதலாமா சார் என்று கேட்டான். மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, வார்த்தை வரவில்லை. புத்தகம் வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இதைப் படிக்கிற ஆசிரியர்கள், மாணவர்கள், ஊர்ப்பக்கம் வேலை செய்கிற தோழர்கள், உங்க பகுதியில் எந்தெந்த வரிகள் விடுபட்டிருக்கின்றன என்று எழுதி அனுப்புங்கள். நாலு வரியை நாற்பதாக்குவோம். அதன்பிறகு கம்ப்யூட்டர் எடுக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம்.